வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

(கொடைக்கானலில் நடைபெற்ற பெண்கள் நலக் கூட்டத்தில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



புற்றுநோய் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் மலைப் புல்வெளிகளில் பரவிக் கிடக்கும் சீகை மரம் வெளிநாட்டிலிருந்து வந்தது. புற்று அப்படியல்ல. அது நம் உடம்பின் சொந்தச் செல்தான். ஒழுங்கு தவறிய செல்.

நல்ல செல் தேவைக்குத்தான் பெருகும். அரிவாள்மனையில் விரல் அறுபட்டால் பக்கத்துச் செல்கள் பெருகிக் காயத்தை மூடும், மூடியதும் நின்றுவிடும். தனக்குப் பழுது வந்தால் சரிசெய்து கொள்ளும். முடியாவிட்டால் தானே மடியும். புற்றுச் செல் நிற்காது, மடியாது. பழுதோடு பிழைத்துத் தன்னைப் போன்றவற்றையே பெருக்கும். பக்கத்துத் திசுவைத் துளைத்து, இரத்தத்தோடு போய் நுரையீரலிலும் கல்லீரலிலும் குடியேறும்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வருவதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றையே பாருங்கள். ஏறக்குறைய எல்லா நேரமும் அதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அது மிகச் சாதாரணமான கிருமி. மணவாழ்வில் இருக்கும் யாருக்கும் தொற்றலாம். ஒருவரின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்க இதில் இடமில்லை. பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டில் தானாகவே போய்விடும். சிலரிடம் மட்டும் தங்கி, செல்லுக்குக் காவலாக இருக்கும் பி53, ஆர்.பி. என்ற இரண்டு புரதங்களைச் செயலிழக்கச் செய்யும். அதன்பின் புற்றாக முற்றப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை வலி இருக்காது. "எனக்கு ஒன்றுமில்லையே" என்று நாம் இருந்துவிடுவது இந்தக் காலத்தில்தான்.

ஆனால் அப்போதே மாறிய செல்லைக் கண்டுபிடிக்க முடியும். அதன் உட்கரு பெருத்து, புரதம் மிகுந்திருக்கும். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், அந்த இடம் வெளுத்துத் தெரியும். இதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். வீட்டில் முயலக் கூடாது.

இது பலன் தரும் என்பதற்குச் சான்று நம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களைச் செவிலியர்களே பரிசோதித்தார்கள். பத்தில் ஒருவருக்கு வெண்மை தெரிந்தது. வெண்மை தெரிந்தாலே புற்று என்று பொருளில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. முன்மாற்றம் இருந்தவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் எளிய சிகிச்சை தரப்பட்டது. 2007-இல் முடிவு வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் ஏற்படும் மரணம் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது. புதிதாக நோய் காண்பதும் 25 சதவீதம் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவுமில்லை. ஒரு செவிலியர், ஒரு விளக்கு, ஒரு புட்டி அமிலம், அவ்வளவுதான்.

சகோதரிகளே, நம்மைத் தடுப்பது வெட்கமும் வேலையும். வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். உயிரைக் காக்கும் சிகிச்சைக்கு அது தடையல்ல. பெண் செவிலியர் வேண்டும் என்று கேளுங்கள். பூண்டு எடுத்து முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, தாம்பத்தியத்துக்குப்பின் இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.

இதை வீட்டு ஆண்களிடமும் சொல்லுங்கள். பூம்பாறையிலிருந்தோ மன்னவனூரிலிருந்தோ வந்துபோக ஒருநாள் கூலியும் பஸ் காசும் ஆகும். அந்த ஒருநாளை மனைவிக்காக, தாய்க்காக ஒதுக்குவது அவர்கள் கடமை.

நோய்க்கு மருத்துவம் தேடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். நாம் தேடிப் போவோம்; ஷிஃபா தருபவன் அல்லாஹ். வஸ்ஸலாம்.