வாளுடன் அடக்கமானவர் யார்?



தோட்டத்து மண்ணைத் தோண்டும்போது, பால்மரம் சீவும் பழைய கத்தி ஒன்றும் பால்வாளி ஒன்றும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றைப் பயன்படுத்தியவர் ஆணா, பெண்ணா? யாராகவும் இருக்கலாம் என்று சொல்வீர்கள். விடியுமுன் எழுந்து நிரைக்குப் போன தாய்மார்களை நீங்கள் அறிவீர்கள். தோட்டத்தையே காணாத ஒருவரோ, கத்தி இருப்பதால் ஆண்தான் என்று எழுதிவிடக்கூடும். படித்த அறிஞர்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டு.

சுவீடன் நாட்டில், ஸ்டாக்ஹோம் நகருக்கு மேற்கே, மேலாரன் ஏரித் தீவொன்றில் பிர்கா என்னும் பழைய வணிக ஊர் இருந்தது. வைக்கிங் எனப்படும் வடநாட்டவர் வாழ்ந்த ஊர் அது. அங்கே யால்மார் ஸ்டோல்ப்பே என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகளைத் தோண்டி ஆராய்ந்தார். 1878ஆம் ஆண்டு திறந்த 10ஆம் நூற்றாண்டுக் குழி ஒன்றில் வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், கேடயங்கள், இரண்டு குதிரைகள், பலகை விளையாட்டுக் காய்கள் ஆகியவை இருந்தன. எலும்புகளை எவரும் சரியாகச் சோதிக்கவில்லை. ஆயுதங்களே சாட்சியாயின. பெரிய வீரன் ஒருவன் என்று முடிவு கட்டினார்கள்.

1970களில் எலும்புகளைப் பார்த்தவர்கள், இது பெண்ணாக இருக்கலாம் என்றார்கள். அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1984இல் மார்கரெட் கான்கி, ஜேனட் ஸ்பெக்டர் என்னும் இரு பெண் அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆண் வேலை, பெண் வேலை என்று நம் காலத்தில் உள்ள பிரிவை, ஆராயாமலே பழங்காலத்தின்மீது ஏற்றிவிடக் கூடாது என்பது அவர்கள் கருத்து. இத்தகைய சிந்தனை பரவியபின், பழைய முடிவுகளை மறுபடி சோதிக்கும் துணிவு வந்தது. 2017ஆம் ஆண்டு, மரபணுச் சோதனை முடிவு வெளியாயிற்று. அந்த எலும்புகள் ஒரு பெண்ணுடையவை!

உடனே மறுப்புகள் எழுந்தன. "எலும்புகள் மாறியிருக்குமோ? ஆயுதம் பக்கத்தில் இருந்தால் போரிட்டவர் என்று ஆகுமா?" என்றார்கள். ஆய்வாளர்கள் 2019இல் விரிவாகப் பதில் எழுதினார்கள். ஆயுதம் போருக்கு அடையாளமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆண் என்று நம்பியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில், "இவன் உண்மையில் போரிட்டானா?" என்று பெரும்பாலும் கேட்கப்படவில்லை. பெண் என்றதும் சான்று கேட்டார்கள்.

புதிய கோட்பாடு என்பது மந்திரக்கோல் அன்று. அது விடையைத் தருவதில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கக் கற்றுத்தருகிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வரலாற்றுப் பாடம் படிக்கும்போது, "இதில் யாரைப் பற்றி எழுதாமல் விட்டார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பிறகு, பாட்டி எத்தனை மரம் சீவினார், பால்வாளியை எவ்வளவு தூரம் சுமந்தார் என்று அவரிடமே கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நம் வீட்டு உழைப்பை நாமே எழுதிவைத்தால், பின்னால் வருபவர் வெறும் கத்தியைப் பார்த்துத் தவறாக ஊகிக்க வேண்டியதில்லை.