எடுத்தலும் வைத்தலும்



நம் முனிவர்கள் காக்கும் ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதியும் ஒன்று. ஒரு பொருளை எடுக்கும் முன்னும் வைக்கும் முன்னும் நன்கு நோக்கி, மயிற்பீலியால் மெல்லத் துடைத்து, சிற்றுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் செய்தல் அதன் இலக்கணம். இல்லறத்தாராகிய நமக்கு அத்துணைக் கடுமை இல்லை. எனினும், எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதே பெருந்தவமாய் அமைந்துவிட்ட பிள்ளைகள் நம் இல்லங்களில் உண்டு. அவர்களைப் பற்றியே பேச விழைகிறேன்.

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு எனப்படும் இதனை மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்பர். 1902ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் ஆங்கிலேய மருத்துவர், அறிவில் குறையின்றியும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி லண்டனில் உரையாற்றினார். அவரும் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே கருதினார். மருத்துவ உலகம் அக்கருத்தைக் கைவிட்டது. நம் வீடுகள் கைவிடவில்லை. 'சோம்பேறி', 'பொறுப்பற்றவன்' என்கிறோம். சமயம் கற்ற பெரியோர் சிலர் 'பிரமாதம்' என்றும் கூறுவர். பேச்சு வழக்கில் சிறப்பைக் குறிக்கும் அச்சொல், நம் நூல்களில் வினைக்கட்டுக்குக் காரணமாகும் அசட்டையைக் குறிக்கும். ஆனால் விரும்பியும் இயலாமை அசட்டை ஆகாது. கணக்கு நோட்டைப் பையில் வைக்கும் எண்ணம் அப்பிள்ளைக்கும் எழுகிறது. செருப்பு மாட்டுவதற்குள் அது நழுவிவிடுகிறது.

ஆதலின் 'கவனமாயிரு' என்னும் அறிவுரையால் பயனில்லை. ஒழுங்கை நினைவிடம் ஒப்படைக்காமல் கண்ணெதிரே நிறுத்த வேண்டும். சாவிக்கு வாயிலருகே ஓர் ஆணி, பள்ளிப் பைக்கு ஒரே மூலை, செய்ய வேண்டியவற்றுக்குச் சுவரில் ஒரு தாள். கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் வழக்கம் இங்கே பெருந்துணை. நாள்தோறும் ஏறக்குறைய ஒரே வேளையில் நிகழும் அந்த உணவை அடுத்து மறுநாளைக்கான பையை அடுக்கும் வழக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். முதலில் சில மாதங்கள் பெற்றோரும் உடன் அமர வேண்டியிருக்கும். சாமாயிகத்தில் 48 நிமிடங்கள் அசையாதிருக்க இயலாத பிள்ளையை ஐந்து நிமிடங்களில் தொடங்க விடுங்கள்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது பலர் நம்பிக்கை. ஓடியாடும் துடிப்பு அடங்கலாம். மறதியும் காலம் தவறுதலும் பலர்க்குத் தொடர்கின்றன. இக்கோளாறு குடும்பவழி வருவது மிகுதியாதலால், பிள்ளையைச் சோதிக்கும்போதே 'நானும் இப்படித்தானே' என்று தந்தையோ தாயோ உணர்வதுண்டு. துள்ளாமல் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண்பிள்ளைகளைப் பள்ளியில் யாரும் கண்டுகொள்வதில்லை. புகுந்த வீட்டில் பால் பொங்கி வழிந்து, மின்கட்டணத் தவணை தவறும்போது வசைமொழி மட்டுமே அவர்களுக்குக் கிட்டுகிறது. அடுப்படியில் ஒலிக்கும் கைப்பேசி அலாரத்தைக் கண்டு மாமியார் நகைக்க வேண்டா. கண் மங்கியவர்க்கு மூக்குக்கண்ணாடி எப்படியோ, அவளுக்கு அஃது அப்படி.

மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவரே முடிவு செய்வார். கேப்சூலின் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது என்பதால் நம்மவர் சிலர் சொல்லாமலே மருந்தை நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு செய்யாமல், மாத்திரையாகவோ வேறு வடிவிலோ கிடைக்குமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டா.