ஜெனரேட்டர் ஓடுகிறது, வோல்டேஜ் நிற்கவில்லை



ஹைதராபாதின் கிழக்குப் பக்கத்தில், நாச்சாரத்தை ஒட்டி இருக்கிறது மல்லாபூர் தொழிற்பேட்டை. லேத் பட்டறைகள், மருந்துப் பொருள் ஆலைகள் எனத் தொடங்கிய இடம். இன்று அவற்றுக்கு நடுவிலேயே அடுக்குமாடிகளும் கல்யாண மண்டபங்களும் எழுந்துவிட்டன. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு பொருள், சுற்றுச்சுவர் ஓரம் கூண்டுக்குள் நிற்கும் டீசல் ஜெனரேட்டர்.

2012-ஆம் ஆண்டில் இந்தப் பகுதி ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் சில நாட்கள் மின்விடுமுறை விட்ட காலம் அது. அதே ஆண்டில் மின்வெட்டால் கோயம்புத்தூர் பட்டறைக்காரர்கள் பட்ட பாடும் உங்களுக்கு நினைவிருக்கும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்தடம் வழியாகத் தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. 2014 ஜூனில் தெலங்கானா உருவானது. அடுத்த சில ஆண்டுகளில் மின்வெட்டு வெகுவாகக் குறைந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அன்றாடம் மணிக்கணக்கில் ஓடிய ஜெனரேட்டர்கள் மாதக்கணக்கில் சும்மா நிற்கத் தொடங்கின. இன்றைக்கு வரும் வோல்டேஜ் கோளாறுகளில் சிலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு கோடை மழை மாலையை எண்ணிக்கொள்ளுங்கள். மின்சாரம் போகிறது. இன்ஜின் ஒழுங்காகக் கிளம்பி ஓடுகிறது. பேனலில் 415 காட்ட வேண்டிய வோல்ட்மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்திலேயே கிடக்கிறது. வந்து பார்ப்பவர், "ஏ.வி.ஆர். போச்சு" என்கிறார். புது கார்டு வாங்கி மாட்டுகிறார்கள். அதற்கும் வோல்டேஜ் வரவில்லை.

ஏ.வி.ஆர். என்பது வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் மின்னணு அட்டை. ஆல்டர்னேட்டரின் வெளியீட்டை அது ஓயாமல் அளக்கிறது. குறைந்தால் எக்சைட்டர் என்ற சிறிய ஜெனரேட்டருக்கு அதிக டிசி மின்சாரம் அனுப்புகிறது, கூடினால் குறைக்கிறது. எக்சைட்டரில் பிறக்கும் மின்சாரம், சுழலும் தண்டிலேயே பொருத்தப்பட்ட ஆறு டயோடுகள் வழியாக டிசியாக மாறி, முக்கிய ரோட்டருக்குப் போய்க் காந்தப்புலத்தை எழுப்புகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மீட்டரில் தெரிவது ஒன்றுதான்: வோல்டேஜ் இல்லை, அல்லது நிற்கவில்லை. பழி மட்டும் எப்போதும் அட்டையின் மேல் விழுகிறது.

முதலில் தொடக்கத்தைப் பாருங்கள். ஏ.வி.ஆர். விழித்தெழவே சில வோல்ட் தேவை. அதைத் தருவது எக்சைட்டரின் இரும்பில் மிஞ்சியிருக்கும் பழைய காந்தம். நெடுநாள் ஓடாத செட்டில் இது மங்கிப்போகலாம். அப்போது கோளாறு ஏ.வி.ஆரில் இல்லை, அதை எழுப்ப ஆளில்லை. 12 வோல்ட் பேட்டரியை எக்சைட்டருக்குச் சில விநாடி காட்டினால் காந்தம் திரும்பும். ஆனால் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஏ.வி.ஆர். இணைப்பில் இருக்கும்போது நடுவே தடுப்பு டயோடு வைக்காமல் செய்தால் நல்ல அட்டையும் எரிந்துபோகும். தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

அதே பேட்டரி இன்னொரு பெரிய உதவியும் செய்யும். நம் நாட்டில் பரவலாக இருக்கும் ஸ்டாம்ஃபோர்ட் ஆல்டர்னேட்டர்களுக்குச் சொல்லப்பட்ட சோதனை இது. ஏ.வி.ஆரிலிருந்து எக்சைட்டர் வயர் இரண்டையும் கழற்றி, அவற்றில் நேரடியாக 12 வோல்ட் கொடுத்து, லோடு இல்லாமல் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓட்டுங்கள். வெளியீடு மூன்று ஃபேஸிலும் சமமாக, உரிய அளவுக்குப் பத்து சதவீதம் முன்பின்னாக வந்தால் ஆல்டர்னேட்டர் நலம். சந்தேகம் ஏ.வி.ஆர். பக்கமும் அதன் வயர்கள் பக்கமும் திரும்ப வேண்டும். வரவில்லையா? டயோடுகளையும் வைண்டிங்குகளையும் பாருங்கள். கால் மணி நேரச் சோதனை, ஒரு கார்டின் விலையை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. லோடு ஏறியதும் வோல்டேஜ் சரிகிறது என்றால், வோல்ட்மீட்டருக்கு முன் ஹெர்ட்ஸ் மீட்டரைப் பாருங்கள். 50-இல் நிற்க வேண்டியது 46-க்கு இறங்கினால், வோல்டேஜைக் குறைப்பது ஏ.வி.ஆரின் கடமை. மூச்சுத் திணறும் இன்ஜினுக்குச் சுமை இறக்கிக் கொடுக்க அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். இதற்கான மருந்து, அடைத்துப்போன டீசல் ஃபில்டரிலோ ஏர் ஃபில்டரிலோ கவர்னரிலோ இருக்கும். இங்கே ஏ.வி.ஆர். திருகைத் திருப்பி வோல்டேஜைக் கூட்டுவது இன்ஜினை மேலும் வதைப்பது.

வோல்டேஜ் எகிறுவது குறைவதைவிட ஆபத்தானது. ஏ.வி.ஆர். அளக்கும் வயர் அதிர்வில் கழன்றால், வோல்டேஜே இல்லை என்று நம்பி அது முழு வேகத்தில் எக்சைட்டரைத் தூண்டும். பாதுகாப்பு இல்லாத அட்டையென்றால் விளக்கும் ஃபிரிட்ஜும் பலியாகும். தொழிற்கூடங்களில் இன்னொரு காரணம் கெபாசிட்டர் பேனல். பவர் ஃபேக்டரைச் சரிசெய்ய மாட்டிய கெபாசிட்டர்கள், மின்வாரியச் சப்ளை போய் ஜெனரேட்டர் வந்த பிறகும் இணைப்பிலேயே இருந்து, மோட்டார்கள் ஓடாமலும் இருந்தால், அவை இழுக்கும் மின்னோட்டமே ஆல்டர்னேட்டரின் காந்தப்புலத்தை வலுவாக்கும். ஏ.வி.ஆர். தன் பங்கைப் பூஜ்யமாக்கினாலும் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். எந்தப் புது கார்டாலும் இதை அடக்க முடியாது. ஜெனரேட்டர் ஓடும்போது கெபாசிட்டர்கள் தானாக விலகும்படி இன்டர்லாக் செய்வதுதான் வழி.

ஒரே ஒரு ஃபேஸில் மட்டும் வோல்டேஜ் கூடி மற்றொன்றில் குறைந்தால் நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். அதைச் சரிசெய்யும் வரை லோடு கொடுக்காதீர்கள்.

இனி, தடுப்புக்கு வருவோம். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 110-ஆம் எண் தரநிலை, அவசரகால ஜெனரேட்டர்களை மாதம் ஒருமுறை, குறைந்தது 30 சதவீத லோடில் 30 நிமிடம் ஓட்டச் சொல்கிறது. நம்மூர் அடுக்குமாடிகளும் மண்டபங்களும் சிறு மருத்துவமனைகளும் இதைத் தயங்காமல் ஏற்கலாம். வெறுமனே ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது போதாது. ஓட்டும்போது மூன்று ஃபேஸின் வோல்டேஜ், ஹெர்ட்ஸ், ஆம்பியர் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை யாராவது ஏ.வி.ஆரை மாற்ற வேண்டும் என்று சொன்னால், அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள். பேட்டரி சோதனை செய்தீர்களா, ஹெர்ட்ஸ் எவ்வளவு இருந்தது என்று கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கொடுங்கள்.