ரிச்மண்ட் ரோடு, 81



சினிமாவில் வரும் நிருபரை உங்களுக்குத் தெரியும். பெரிய பங்களா, விருந்து, வைரத்தோடு மின்னும் சீமாட்டிகள், நடுவில் ஒரு பிணம். கடைசி ரீலில் எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து, "கொலையாளி இவர்தான்" என்று நிருபர் விரலை நீட்டுவார். பெங்களூரில் க்ரைம் பீட் பார்த்தே தலை நரைத்தவன் நான். அப்படி ஒரு விருந்துக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு வாய்த்தது போலீஸ் ஸ்டேஷன் வாசல் பெஞ்சும், ஆறிப்போன டீயும்தான்.

ஆனால் பங்களாவும் விருந்தும் புதைந்த பிணமும் சேர்ந்த வழக்கு ஒன்று நம் ஊரில் உண்டு. ரிச்மண்ட் ரோடு, 81ஆம் எண் வீடு. அந்த வீட்டுக்காரர் ஷாகிரே கலீலி. 1926 முதல் 1941 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி. வெளியுறவு அதிகாரி அக்பர் கலீலியின் மனைவி. நான்கு பெண்களுக்குத் தாய். 1983இல் டெல்லியில் ராம்பூர் நவாப் குடும்பத்து வீட்டுக்கு விருந்தாளியாகப் போன இடத்தில், அவர்களுடைய சொத்து விவகாரங்களைக் கவனித்துவந்த ஒருவர் அறிமுகமானார். பெயர் முரளி மனோகர் மிஸ்ரா. சுவாமி ஸ்ரத்தானந்தா என்று சொல்லிக்கொள்வார். பெங்களூரில் தன் சொத்துச் சிக்கலையும் பார்த்துத்தரும்படி ஷாகிரே கேட்டார். 1985இல் விவாகரத்து. 1986 ஏப்ரலில் ஷாகிரேவும் சுவாமியும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

1991இல் ஷாகிரே காணாமல் போனார்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். கொஞ்ச நேரம் இங்கேயே நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்பாயில் இருந்த இரண்டாவது மகள் திரும்பத் திரும்ப பெங்களூருக்கு போன் போடுகிறார். "அம்மா எங்கே?" சுவாமியிடமிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு பதில். ஹைதராபாத் போயிருக்கிறார். பிறகு, கட்ச் பக்கம் ஒரு வைர வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பிறகு, வருமான வரித் தொந்தரவு, கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கிறார். கடைசியில், அமெரிக்கா போய்விட்டார், பிரசவத்துக்காக நியூயார்க் ரூஸ்வெல்ட் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

மகள் அந்த ஆஸ்பத்திரியில் விசாரித்தார். அப்படி ஒரு நோயாளியே அங்கே இல்லை என்று பதில் வந்தது. பிறகு பம்பாயில் சுவாமி தங்கியிருந்த ஓட்டல் அறையில் அம்மாவின் பாஸ்போர்ட் மகள் கண்ணில் பட்டது. பாஸ்போர்ட் இங்கே இருக்கும்போது ஆள் எப்படி அமெரிக்காவில் இருப்பார்? 1992 ஜூனில் அசோக் நகர் போலீஸ் நிலையத்தில் மகள் புகார் எழுதிக் கொடுத்தார்.

இந்த வழக்கில் துப்பறிந்த நிருபர் யார் என்று கேட்டால், அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன். அவர் கையில் அடையாள அட்டையும் இல்லை, கேமராவும் இல்லை. சொன்னதைக் குறித்துக்கொண்டார், சொன்ன இடத்திலேயே போய்க் கேட்டார். எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

சுவாமி செய்த தப்பு, பெயர் சொன்னது. "எங்கேயோ வெளிநாட்டில்" என்று இழுத்திருந்தால் இன்னும் எத்தனை நாள் ஓட்டியிருப்பாரோ! ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார், மாட்டிக்கொண்டார். நான் பார்த்த சாமர்த்தியசாலிகள் பெயரே சொல்ல மாட்டார்கள். அல்சூரில் ஒரு பெரியவர் திடீரென்று கண்ணில் படவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா எங்கள் ஆபீசுக்கு வந்து சொன்னார். வீட்டில் விசாரித்தேன். "காசிக்குப் போயிருக்கார்." எந்த மடம்? "ஏதோ ஒரு மடம், சார்." போஸ்ட்கார்டு ஏதாவது? "அவர் அதெல்லாம் போட மாட்டார்." எதைப் பிடித்துக்கொண்டு போவது? சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதும் நண்பர் ஒருவரிடம் சொல்லி அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். வீடு அப்போதுதான் கைமாறியிருந்தது, பெரியவர் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து. பயப்படாதீர்கள், பெரியவர் உயிரோடுதான் இருந்தார். ஓசூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் உட்கார்ந்துகொண்டு, பேப்பர் சரியாக வருவதில்லை என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

பவர் பத்திரம் என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் ரிச்மண்ட் ரோடு வழக்கின் முடிச்சும் இருக்கிறது. ஷாகிரே சுவாமிக்கு உயிலும் எழுதியிருந்தார், பவரும் கொடுத்திருந்தார். உயில் செல்ல வேண்டுமானால் அவர் இறந்ததாக ஊருக்குத் தெரிய வேண்டும். பவர் செல்ல வேண்டுமானால் அவர் உயிரோடு இருக்க வேண்டும்; எழுதிக்கொடுத்தவர் கண்ணை மூடினால் அதோடு பவரும் போச்சு. சுவாமி அந்தப் பவரைக் காட்டித்தான் சொத்துகளை விற்றுக்கொண்டிருந்தார். இறந்தவரை ஹைதராபாத், கட்ச், நியூயார்க் என்று அலையவிட்டதற்குக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு. பத்திரம் எழுதிக்கொடுத்திருக்கும் பெரியவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், நகல் உங்கள் பீரோவில் இருக்கிறதா என்று நிகழ்ச்சி முடிந்ததும் பாருங்கள். இப்போது எழுந்து போய்விட வேண்டாம்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன். புகாரும் சட்டென்று நகரவில்லை. 1994இல் மத்திய குற்றப் பிரிவு கையில் எடுத்தது. வீட்டு வேலையாளோடு ஒரு காவலர் சிநேகம் பிடித்து, குடிக்கும் இடத்தில் பேச்சைக் கறந்தார் என்று போலீஸ் வட்டாரத்தில் சொல்வார்கள். 1994 மார்ச் 30 அன்று, சுவாமி காட்டிய இடத்தில், வீட்டின் பின்பக்கத் தரையைத் தோண்டினார்கள். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மரப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே மெத்தை, எலும்புக்கூடு. வளையலையும் மோதிரத்தையும் பார்த்து ஷாகிரேயின் தாயார் அடையாளம் சொன்னார். மூன்று வருஷம் அந்தத் தரைக்கு மேலேதான் சுவாமி விருந்து வைத்தார், ஆட்டம் பாட்டம் நடந்தது என்று அங்கே போய்வந்தவர்கள் பின்னால் பேசினார்கள். அத்தனை விருந்தாளிகளில் ஒருவராவது, "அம்மா எங்கே?" என்று இரண்டாம் முறை கேட்டிருக்கலாம்.

2005இல் சுவாமிக்குத் தூக்குத் தண்டனை. 2007இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவருக்குள் கருத்து வேறுபாடு. 2008 ஜூலையில் மூன்று நீதிபதிகள், சாகும்வரை சிறை, தண்டனைக் குறைப்பு கிடையாது என்று முடித்தார்கள். பதினாலு வருஷத்தில் வெளியே வந்துவிடலாம் என்ற பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்த தீர்ப்பு அது. 2015இல், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஸ்ரீஹரன் என்கிற முருகன் சம்பந்தப்பட்ட வழக்கில், அரசியல் சாசன அமர்வு இதையே உறுதிப்படுத்தியது.

2023இல் இந்த ரிச்மண்ட் ரோடு வழக்கை ஆவணத் தொடராகவும் எடுத்துவிட்டார்கள். பார்க்கலாம், தவறில்லை. ஆனால் இதழியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், முதலில் அந்த 2008 தீர்ப்பை எடுத்துப் படியுங்கள்; இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. மகளின் விசாரணை வரிசையாக அதில் இருக்கிறது. உங்களில் ஒருவர் அதை நல்ல தமிழில் புத்தகமாக எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். முதல் பிரதியை நிலையத்தின் முகவரிக்கு அனுப்புங்கள், என்னிடம் சேர்த்துவிடுவார்கள்.