சயாமுக்குப் போனவரின் மகன் ஜப்பானுக்குப் போன கதை



இன்று உங்களுக்கு ஒரு பயணக் கதை சொல்லப் போகிறேன். ஊர் சுற்றிப் பார்த்த கதை அன்று. மனத்தில் ஒரு பழைய கணக்கைச் சுமந்துகொண்டு போய், வேறொரு கணக்கோடு திரும்பி வந்த கதை.

நான் பிறந்தது 1942-ஆம் ஆண்டு, பேராக்கில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அதற்கு முந்திய டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போவைப் பிடித்துவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள். பால்வெட்டு நின்றது, சம்பளம் நின்றது, அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. இதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

1943-இல் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாத வேலை, பிறகு வீடு திரும்பலாம் என்றார்கள். தானாகப் போனவர் சிலர். பெயர் கொடுக்கப்பட்டுப் போனவர் பலர். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்திப் பிடித்துப் போனதும் உண்டு. என் தந்தை பெரட்டுக் களத்திலிருந்தே லாரியில் ஏற்றப்பட்டார். அப்போது நான் தவழ்கிற பிள்ளை.

அவர் திரும்பி வரவில்லை. இறந்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அதனால் என் அம்மா கடைசி வரை பொட்டை அழிக்கவில்லை. "யார் வந்து சொன்னார்கள்? எந்த நாளை வைத்து நான் தாலி இறக்குவேன்?" என்று கேட்பார். தீபாவளிக்கு முதல் நாள் எல்லார் வீட்டிலும் முன்னோருக்குப் படைப்பார்கள். எங்கள் வீட்டில் படைக்க மாட்டோம். உயிரோடு இருப்பவருக்குப் படைக்கலாமா?

பிறகு காலம் மாறியது. 1982-இல் நம் அரசாங்கம் 'கிழக்கை நோக்கு' என்ற கொள்கையை அறிவித்தது. நம் பிள்ளைகள் ஜப்பானுக்குப் படிக்கவும் தொழில் பழகவும் போனார்கள். என் மகனும் போனான்; அங்கேயே வேலையில் அமர்ந்தான். "அப்பா, ஒரு தடவை வந்து போங்கள்" என்று ஆண்டுதோறும் அழைப்பான். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பேன். அம்மா கண்மூடிய பிறகு, 2006-இல்தான் போனேன். வயது 64.

நேயர்களே, இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரை ஜெர்மானிய விமானங்கள் 1940 நவம்பரில் குண்டு வீசித் தகர்த்தன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரை 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் எரித்தன. அந்த வீடுகளின் பிள்ளைகளும் பேரர்களும் எதிரி நாட்டுக்குப் பயணம் போகும்போது, என்ன முகத்தோடு போவது என்று தயங்கியே போயிருப்பார்கள். ஆனால் 1959-இல் அவ்விரு நகரங்களும் தோழமை நகரங்களாயின. டிரெஸ்டனில் இடிந்த மாதா கோயில் திரும்பக் கட்டப்பட்டு 2005-இல் திறக்கப்பட்டபோது, அதன் உச்சியில் நின்ற சிலுவை இங்கிலாந்திலிருந்து வந்தது. அதைச் செய்த பொற்கொல்லரின் தந்தை, அந்நகரின் மேல் குண்டு வீசப் போன விமானிகளில் ஒருவர். மகன் தன் கைவேலையால் பேசினான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன கொண்டு போனேன்? கோபத்தைத்தான் கொண்டு போனேன்.

டோக்கியோவில் யாசுகுனி என்னும் கோயிலை ஒட்டிப் போர்க் காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதன் முன்கூடத்தில் கறுப்பு நிற நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது. சி 56 வகை, 31-ஆம் எண். சயாம்–பர்மா ரயில் பாதையில் ஓடிய எஞ்சின் அது. 1979-இல் தாய்லாந்திலிருந்து ஜப்பானுக்குத் திரும்பக் கொண்டு வரப்பட்டது. நன்றாகத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இது உருண்டுபோன தண்டவாளத்துக்கு அடியில் எந்தக் கட்டையை என் அப்பா சுமந்தாரோ என்று நினைத்தேன்.

பக்கத்தில் ஒரு முதிய அம்மாள் நின்றிருந்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். மகன் சொன்னான். என் தந்தை அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை என்பதையும் சொன்னான். அவர் வெகுநேரம் தலை குனிந்து நின்றார். பிறகு சொன்னார்: "என் அண்ணன் பர்மாவில் மாண்டான். எலும்பு வரவில்லை. ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு கல் இருந்தது."

நான் வாய் திறக்கவில்லை. என் கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த அம்மாள் மேல் அதைக் காட்ட முடியவில்லை. அன்றிரவு படுக்கையில் ஒன்று தோன்றியது. அவர்களுக்குக் கல்லாவது வந்தது. அந்தக் கல்லோடு ஒரு பெயரும் வந்தது. நமக்கு?

அந்தக் கேள்விதான் அடுத்த ஆண்டு என்னைத் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குக் கொண்டு போயிற்று. நகரின் நடுவே போர்க் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகள் அங்கே அடக்கம் ஆகியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கற்கள். பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு. தேடினேன். நம் ஆட்கள் அங்கே இல்லை.

ஏன் இல்லை? கணக்கைக் கேளுங்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபர் 17-இல் இணைந்தது. அதில் உழைத்த போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல். மாண்டவர் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 லட்சம் பேர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று பலரும் அதில் அடக்கம். அவர்களில் மாண்டவர் ஏறத்தாழ 90,000 என்பார்கள். அதற்கும் மேல் என்பாரும் உண்டு. கைதிகளில் ஐந்தில் ஒருவர். நம்மவர்களில் கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர்.

கைதிகளுக்குச் சொந்த அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்ல ஆள் இருந்தது. இறந்தவன் பெயரை ஒளித்து வைத்தாவது எழுதினார்கள். நம் ஆட்களுக்கு எவரும் இல்லை. 1943-இன் மழையில் காலரா வந்தபோது, முகாம் முகாமாகச் செத்தார்கள். குழியில் தள்ளி மூடினார்கள். எழுத ஆள் இல்லை. அதனால் கல்லும் இல்லை.

ஆற்றுப் பாலத்துக்கு அருகே, ஜப்பானிய ராணுவமே 1944-இல் எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. அதில் பல மொழிகளுக்கிடையே தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்தைக் கண்டதும் ஓடிப் போய்த் தடவிப் பார்த்தேன். மொழி இருந்தது, பெயர் இல்லை.

அதே ஊரில் நகாசே தகாஷி என்ற ஜப்பானியரைப் பற்றி அறிந்தேன். போர்க் காலத்தில் ராணுவ மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர் முடிந்ததும் கல்லறைகளைத் தேடும் குழுவோடு அந்தப் பாதை நெடுகப் போய், நடந்ததைக் கண்ணால் கண்டவர். வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப அங்கே வந்து அஞ்சலி செய்தார். 1986-இல் பாலத்தருகே ஓர் அமைதிக் கோயில் கட்டினார். எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கைதி, தன்னை வதைத்த விசாரணையில் மொழிபெயர்த்தவர் அவர்தான் என்று அறிந்து, 1993-இல் அங்கே வந்து அவரைச் சந்தித்தார், பிறகு மன்னித்தார். நகாசே 2011-இல் காலமானார்.

மன்னிப்பது பெரிய காரியம். ஆனால் ஒன்று கவனியுங்கள். லோமாக்சுக்குத் தன்னை வதைத்தவர் யார் என்று தெரியும். அவருக்கும் இவரைத் தெரியும். பெயருக்குப் பெயர் நின்று பேசினார்கள். பெயரே இல்லாதவன் யாரை மன்னிப்பான்? அவனிடம் யார் போய் மன்னிப்புக் கேட்பார்?

காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோயிலில் ஆசியத் தொழிலாளர் பலரின் எலும்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. 2023-இல் அந்தக் கோயிலில் நம்மவர் நினைவாக நடுகல் நாட்டினார்கள். என் அப்பாவுக்கும் கடைசியில் ஒரு கல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முதன் முதலாக அவருக்குப் படைத்தோம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. பால் மரம் போய் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்து வீடமைப்புகள் எழுந்தன. செக்ரோல் புத்தகங்கள் கறையானுக்குப் போயின. சயாமுக்குப் போனவர் பெயர் இன்று எஞ்சி இருப்பது உங்கள் வீட்டுப் பெரியவர் வாயில் மட்டும்தான். அந்த வாயும் நாளை மூடிவிடும்.

ஆகவே இன்றிரவே பிள்ளையின் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். பாட்டியையோ பெரியப்பாவையோ உட்கார வைத்துக் கேளுங்கள். போனவர் பெயர் என்ன, அவர் தகப்பனார் பெயர் என்ன? எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் கங்காணி? கூடப் போனவர் யார், திரும்பி வந்தவர் யார், வந்தவர் என்ன சொன்னார்? தெரிந்ததை எழுதுங்கள், தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். ஒரு படி எடுத்துக் கோயிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ கொடுத்து வையுங்கள்.

உங்கள் பிள்ளைகள் நாளை ஜப்பானுக்குப் போகட்டும், படிக்கட்டும், நட்புக் கொள்ளட்டும். ஆனால் பாட்டன் பெயரைத் தெரிந்துகொண்டு போகட்டும். என் அப்பாவின் பெயரை நான் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.