பொட்டலத்தில் இருப்பது உரமல்ல, உறைமோர்

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



போன மார்கழிப் பட்டத்தில் நிலக்கடலை போட்ட பெரியவர் ஒருவர், நாற்பது நாள் செடி நாலைந்தை வேரோடு பிடுங்கி, ஈரத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். துண்டை மேசை மேல் பிரித்துப் போட்டார்.

"பாருங்க தம்பி, ரைசோபியம் போட்டா வேரிலே முடிச்சு முடிச்சாக் கட்டும், தழைச்சத்து தானாக் கிடைக்கும்னு சொன்னீங்க. காசு கொடுத்து வாங்கிப் போட்டேன். இலை மஞ்சளாத்தான் நிக்குது. இதெல்லாம் ஏமாத்து வேலைதானே?" என்று கேட்டார்.

வேரைப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முடிச்சுகள். நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளையாக இருந்தது. பல வருஷம் கரும்பே போட்டு வந்த நிலம் அது. கடலை அதற்குப் புதுசு. பொட்டலம் நன்றாக வேலை செய்திருக்க வேண்டிய இடம்.

"ஐயா, பொட்டலத்தை வாங்கி எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டேன். மோட்டார் கொட்டகையில் ஒரு மாதம் இருந்ததாம். தகரக் கூரை. "விதையில் எப்படிக் கலந்தீர்கள்?" பூசணக்கொல்லி மருந்தையும் பொட்டலத்தையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டிப் புரட்டினாராம். "எங்கே உலர்த்தினீர்கள்?" களத்தில், நல்ல வெயிலில்.

"ஐயா, அதை மூன்று தரம் கொன்றுவிட்டு விதைத்திருக்கிறீர்கள்" என்றேன். அவர் திகைத்துப் போனார். "கொல்றதுக்கு அதிலே என்ன உயிரா இருக்கு?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. தப்பு அவர் மேல் இல்லை. போடுங்கள், போடுங்கள் என்று சொன்ன எங்களைப் போன்றவர்கள், உள்ளே இருப்பது உயிர் என்பதை விளக்கிச் சொல்லவில்லை. யூரியாவையும் பொட்டாஷையும் போல இதையும் ஒரு உர மூட்டையாகத்தானே அவர் நினைத்திருப்பார்?

கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் நாலு சங்கதி சொல்லிக் கொடுப்பார்கள். அந்த நாலும் தெரிந்துவிட்டால், பொட்டலத்தை எப்படிக் கையாள்வது என்று உங்களுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சங்கதி: கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவை உயிர்கள். ஹாலந்து தேசத்தில் லீவன்ஹூக் என்று ஒரு ஜவுளி வியாபாரி இருந்தார். பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. கண்ணாடியைத் தானே தேய்த்து உருப்பெருக்கி செய்து, 1676-இல் தண்ணீருக்குள் ஓடியாடித் திரியும் சின்னஞ்சிறு உயிர்களைப் பார்த்து எழுதினார். பாக்டீரியா என்பது சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதனால்தான் பொட்டலத்தைப் பிரித்தால் கறுப்புத் தூள் மட்டும் தெரிகிறது. அந்தத் தூள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரித் தூள். அது உரமல்ல, பாக்டீரியா குடியிருக்கும் வீடு. உயிர் உரங்களை 2006-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டு வந்தார்கள். அந்த விதிப்படி தூள் வடிவ ரைசோபியத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டும். நீங்கள் காசு கொடுப்பது அந்த 5 கோடிக்குத்தான். வீடு இருந்து குடித்தனக்காரர் செத்துப்போனால் என்ன பயன்?

இரண்டாவது சங்கதி: உயிர் உயிரிலிருந்துதான் வரும். சூனியத்திலிருந்து வராது. சாறு கெட்டுப்போவது ஏன் என்று பிரான்சில் லூயி பாஸ்டர் 1860 வாக்கில் சோதித்துப் பார்த்தார். அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த கண்ணாடிக் குடுவையில் சாற்றைக் காய்ச்சி வைத்தார். காற்று உள்ளே போகும். ஆனால் தூசி வளைவில் தங்கிவிடும். சாறு கெடவில்லை. கழுத்தை உடைத்ததும் தூசியோடு கிருமி விழுந்து கெட்டுப்போனது. பின்னால் 1886-இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பவர், பட்டாணியைச் சுத்தமான மணலில் வளர்த்துக் காட்டினார். மண்ணில் உள்ள கிருமி சேராத செடி தழைச்சத்து இல்லாமல் வாடியது. வயல் மண்ணை நீரில் கரைத்து ஊற்றிய செடியில் முடிச்சு கட்டியது, செடியும் செழித்தது. 1888-இல் ஹாலந்தின் பெயரிங்க் அந்த முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். வயலில் சரியான பாக்டீரியா இல்லையென்றால், எவ்வளவு உழுதாலும் அது தானாக முளைக்காது. நாம்தான் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். பயறு விளைந்த பழைய வயலின் மண்ணை அள்ளி வந்து புது வயலில் தூவும் வழக்கம் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இருந்தது. பொட்டலம் அதற்குச் சுருக்கு வழி.

மூன்றாவது சங்கதி: ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். நம் குடலில் உள்ள சில பாக்டீரியா, நல்ல தீனியும் சூடும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டாகப் பிரியும். அந்த வேகத்திலேயே போனால் ஒன்று பத்து மணி நேரத்தில் 107 கோடியாகிவிடும். தீனி தீர்ந்துவிடுவதால்தான் உலகம் தப்பியது! கடலை வேரில் வாழும் ஜாதி இவ்வளவு வேகம் கிடையாது, நிதானமாகப் பெருகும். ஆனாலும் கணக்கு அதேதான். ஒரு குடம் பாலுக்கு எவ்வளவு உறைமோர் ஊற்றுகிறோம்? ஒரு கரண்டி. அதுபோலத்தான் இரண்டரை ஏக்கர் விதைக்கு 600 கிராம் போதும் என்கிறார்கள். கொஞ்சமாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நாலாவது சங்கதி: ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒரு தீனி, ஒரு சூடு உண்டு. இது வீட்டிலுள்ள பெண்களுக்கு நன்றாகத் தெரியும். கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் ஆகுமா? ஆகாது, மோரில் உள்ள பாக்டீரியா வெந்து செத்துவிடும். மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்க ஏன் நேரமாகிறது? குளிரில் அது மெதுவாகப் பெருகுகிறது. வேர் முடிச்சுப் பாக்டீரியாவுக்கும் இதே கதைதான். தகரக் கூரைச் சூடு அதற்குக் கொதிக்கிற பால். பூசணக்கொல்லி அதற்கு விஷம்.

அது செய்யும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். பயிர் அதில் முங்கி நின்றும் அதைத் தின்ன முடியாது. அதைப் பிடித்து யூரியாவுக்கு ஆதாரமான அம்மோனியாவாக்க, தொழிற்சாலையில் 400 டிகிரி சூடும், சாதாரணக் காற்றைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். இந்தப் பாக்டீரியா அதே வேலையை வேருக்குள் உட்கார்ந்து சத்தமில்லாமல் செய்கிறது. செடி சர்க்கரை கொடுக்கிறது. அது தழைச்சத்து கொடுக்கிறது. கொடுக்கல் வாங்கல்தான். ஆகவே பரிந்துரைக்கு மேல் யூரியாவைக் கொட்டினால், கையில் காசு உள்ளவன் கடன் கேட்காததுபோல, செடி முடிச்சுக் கட்டுவதைக் குறைத்துவிடும்.

எல்லாப் பயிருக்கும் ஒரே பாக்டீரியா என்றும் இல்லை. கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு ஒரு கூட்டம். சோயாவுக்கு வேறு. கொண்டைக்கடலைக்கு வேறு. பொட்டலத்தில் எந்தப் பயிரின் பெயர் போட்டிருக்கிறது என்று படித்து வாங்குங்கள்.

இனி செய்முறைக்கு வருவோம்.

வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். தூள் வடிவம் என்றால் சாதாரணமாக ஆறு மாதம்தான் ஆயுள். கடையில் வெயில் படும் இடத்தில் அடுக்கியிருந்தால் வாங்காதீர்கள். விதைப்புக்கு முன் இரண்டொரு நாளில் வாங்கினால் போதும். வீட்டில் குடிதண்ணீர்ப் பானை இருக்கிற குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். உரம், பூச்சிமருந்து பக்கத்தில் வேண்டாம்.

பூசணக்கொல்லி கலந்துதான் ஆக வேண்டும் என்றால், அதை முதலில் கலந்து, ஒரு நாள் முழுக்க, அதாவது 24 மணி நேரம் கழித்துப் பொட்டலத்தைக் கலக்குங்கள். மருந்துக்குப் பதிலாக டிரைக்கோடெர்மா கலக்கிறீர்கள் என்றால் சண்டை இல்லை. அதுவும் உயிர், இதோடு ஒத்துப்போகும்.

எக்டருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு வேண்டிய விதைக்கு, 200 கிராம் பொட்டலம் மூன்று. ஆறிய அரிசிக் கஞ்சியில் தூளைக் குழைத்துக்கொள்ளுங்கள். ஆறிய கஞ்சி என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். கடலைப் பருப்பின் தோல் உரியாதபடி மெதுவாகப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுங்கள். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும்.

பலித்ததா என்று எப்படி அறிவது? 35, 40 நாளில் நாலைந்து இடத்தில் செடியை மண்வெட்டியால் மண்ணோடு எடுத்து, தண்ணீரில் அலசுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்தச் சிவப்பு, நம் ரத்தத்துக்கு நிறம் தரும் பொருளுக்கு உறவு. வெள்ளை அல்லது பச்சை என்றால் வேலை நடக்கவில்லை. இன்னொன்று: நூற்புழு தாக்கினாலும் வேரில் வீக்கம் வரும். முடிச்சு என்றால் விரலால் தள்ளினால் உதிரும். நூற்புழு வீக்கம் வேரே தடித்தது, உதிராது.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் கடலையும் பயறும் போடும் நிலத்தில் இந்தப் பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும். அங்கே பொட்டலத்தால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். அதற்காக யார் பேச்சையும் நம்பி இருக்க வேண்டாம், என் பேச்சையும் சேர்த்துத்தான். விதைக்கும்போது நாலு பாத்தியைப் பொட்டலம் கலக்காத விதையால் விதையுங்கள். அதை முதலில் விதைத்துவிட்டுப் பிறகு கலந்த விதையைக் கையில் எடுங்கள். மற்றதெல்லாம் ஒன்றுபோல் செய்யுங்கள். நாற்பதாம் நாள் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். அறுவடையில் நிறுத்துப் பாருங்கள். பாஸ்டர் குடுவையில் செய்ததும், ஹெல்ரீகல் மணலில் செய்ததும் இதைத்தான்.

அந்தப் பெரியவர் கதையை முடிக்கவில்லையே. இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ இது உரம் இல்லே, உறைமோருன்னு சொல்லுங்க" என்றார். நான் அரை மணி நேரம் பேசியதை அவர் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். இந்தப் பட்டம் மறுபடியும் கடலை போட்டிருக்கிறார். பொட்டலத்தைப் பானைக்குப் பக்கத்தில் வைத்து, நிழலில் உலர்த்தி, நாலு பாத்தியைச் சும்மா விட்டிருக்கிறார். நாற்பதாம் நாள் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் மண்வெட்டியோடு போய்ப் பார்க்கப் போகிறோம்.

நீங்களும் உங்கள் வயலில் பாருங்கள்.