வழிப்போக்கரும் வாயிற்கதவும்



பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கம்பெனியார் பண்டசாலை வைத்து வாணிபம் புரிந்ததும், மரக்காணத்தோடு முடிவுறும் பக்கிங்காம் கால்வாய்க்கு அணித்தாயிருப்பதுமான இக் கூனிமேட்டில், அயலூரார் தங்கும் விடுதிகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

முதலில் கடல்கடந்த ஒரு விடுதியைக் காண்போம். 1829-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் திறக்கப்பெற்ற டிரெமான்ட் ஹவுஸ் என்னும் மாளிகையில், அதுவரை முன்பின் அறியாதாரோடு ஒரே அறையில், சில வேளை ஒரே கட்டிலிலும், உறங்க நேர்ந்த வழிப்போக்கனுக்குத் தனியறையும், அதற்கொரு பூட்டும், முகங்கழுவ நீரும் சோப்பும் கிடைத்தன. அதன் பின்னர் எழுந்த பெருவிடுதிகள் அமெரிக்க நகரங்களின் பொதுமன்றங்களாகவே விளங்கின. 1861-இல் உள்நாட்டுப் போரைத் தடுக்க முயன்ற சமாதான மாநாடு வாஷிங்டனில் வில்லர்ட் விடுதியில்தான் கூடிற்று. பதவியேற்குமுன் ஆபிரகாம் லிங்கன் தங்கியிருந்ததும் அங்கேயே. ஆயினும் அத்தகைய விடுதிகள் பலவற்றின் வாயில்கள் கறுப்பு மக்களுக்கு அடைத்தே கிடந்தன என்பதை எண்ணுகையில், அவற்றின் பளிங்குத் தூண்களை வியக்க எனக்கு மனம் வருவதில்லை.

நம் நாட்டிலோ வழிப்போக்கரைப் பேணும் பணியைச் சத்திரங்கள் செய்தன. தஞ்சை மன்னர் சரபோஜி 1801-இல் ஆங்கிலேயக் கம்பெனியின் ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் தம் முன்னோர் வைத்த சத்திரங்களின் நடைமுறையை விரிவாகக் கூறுகிறார். அந்தணர் முதல் தீண்டாதார் எனப்பட்டோர் ஈறாக எல்லா யாத்திரிகர்க்கும் அன்னம் உண்டு. சமைத்ததைக் கொள்ளாதார்க்கு அரிசியும் பண்டங்களும் உண்டு. நள்ளிரவில் மணியடித்து, அதுவரை உண்ணாதார் எவரேனும் உளரோவென்று அழைத்துச் சோறிடுவார்கள். பசித்தவன் உறங்கிவிட்டால் அவனை எழுப்பியேனும் உண்பிக்க வேண்டுமென்று கருதிய அந்த ஒரு மணியோசையை நினைத்தாலே என் நெஞ்சம் நெகிழ்கிறது.

காசு கொடுத்துண்ணும் ஹோட்டல்கள் சென்னையில் பெருகியபோது அந்த உதாரம் முழுதும் உடன்வரவில்லை. 1938-இல் கிருஷ்ணராவ் இராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் போன்றவை நகரத்தின் கல்யாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் இடமளித்துப் பெருமை பெற்றன. ஆனால் வேறு பல சிற்றுண்டிச் சாலைகளின் வாயிலில் ஜாதிப்பெயர் தாங்கிய பலகை தொங்கிற்று. ஹோட்டலுக்குள் நுழையும் உரிமையை 1950-ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் பதினைந்தாம் விதியிலேயே எழுதிவைத்தும், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து அப்பெயரை நீக்க 1957-இல் பெரியார் மறியல் தொடங்கி, நூற்றுக்கணக்கானோர் கைதாக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அவ்விதிக்கொப்பான சட்டம் 1964-இல் பிறந்தது. அட்லாண்டா நகரத்து மோட்டல் உரிமையாளர் ஒருவர் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரிலேயே தள்ளிற்று.

சாசனம் திறந்த கதவு காசில்லாதவனுக்கு இன்னும் திறக்கவில்லை. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உல்லாச விடுதிகள் எழுந்துள்ளன. அவ்வழியே விடியுமுன் உப்பளப் பாத்திக்கு நடக்கும் பெண் வெயிலுக்கு ஒதுங்கவும், மானத்தோடு கழிப்பறை செல்லவும் இடமேது? ஆதலின், இச்சொற்பொழிவுக்கென ஒதுக்கிய பொருளோடு இன்னும் சிறிது சேர்த்து, குடிநீரும், கழிப்பறையும், உள்ளே தாழிடக்கூடிய இரண்டு அறைகளும் கொண்ட ஒரு சத்திரத்தை உப்பளத்தோரம் கட்டித்தருமாறு அறக்கட்டளையாரை வேண்டுகிறேன்.